கொடி இறங்கும் நேரம்

அத்தியாயம் 14

எந்த நாற்காலியில் உட்காருவது என்பதிலேயே வியாழக்கிழமைச் சண்டை தொடங்கிவிட்டது.

வெர்னா முந்திக்கொண்டு போய் ஜன்னலோர மேஜையைப் பிடித்து வைத்திருந்தாள். அங்கிருந்து பார்த்தால் கோல்ஃப் மைதானத்தில் பாதி தெரியும். கூடவே, மூலையில் போட்டிருந்த அந்த மேஜையும் தெரியும். பட்டாளத்துச் சாப்பாட்டுக் கூடம் எந்த ஊரில் இருந்தாலும் அங்கே ஒன்று இருக்குமே, வராத ஆளுக்கான மேஜை. ஒரே நாற்காலி, வெள்ளை விரிப்பு, கவிழ்த்து வைத்த கண்ணாடித் தம்ளர், தட்டில் ஒரு எலுமிச்சைத் துண்டு, ஒரு சிட்டிகை உப்பு. காணாமல் போனவர்கள் திரும்பி வரும்வரை அதில் யாரும் உட்காரமாட்டார்கள்.

கோரா நாற்காலியைத் திருப்பிப் போட்டு, அந்த மேஜைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

"இன்னும் எத்தனை நாளைக்கு இப்படி முதுகக் காட்டப் போறே?" என்றாள் வெர்னா.

"முட்டை ஆறுது. சாப்பிடுங்க."

"என் தம்பிக்கு இனிமே அந்த மேஜைகூடக் கிடையாது கோரா. கல்லறையில ஒரு கல்லு, அதுல அவன் பேரு. அதையாவது குடு அவனுக்கு."

"கல்லுக்குக் கீழ எதை வைப்பீங்க? அவனோட சட்டையையா?"

வெர்னா ரொட்டியில் வெண்ணெய் தடவினாள். கடற்படைக் கப்பல்களில் இருபத்திரண்டு வருஷம் சமையல்கட்டை ஆண்டவள் அவள். முந்நூறு பேருக்கு முட்டை பொரித்த கைக்கு ஒரு நாத்தனார் வேலை பெரிய வேலையா என்ன? அதட்டவும் தெரியும், அதட்டாமல் காரியத்தை முடிக்கவும் தெரியும்.

பதினோரு மாதத்துக்கு முன்னால், வளைகுடாக் கடலில், இருட்டில் ஒரு ஹெலிகாப்டர் விழுந்தது. பட்டியலில் ஏழு பேர். நான்கு உடல்கள் கிடைத்தன. ஒருவனைக் குற்றுயிராகத் தூக்கினார்கள். மற்ற இருவரையும் கடல் திருப்பித் தரவில்லை. அந்த இருவரில் ஒருவன் சார்ஜென்ட் ரஸ்ஸல் டன்லப், கோராவின் கணவன்.

"காணவில்லை" என்ற சொல்லை அடித்துவிட்டு "இறந்தார்" என்று எழுத ராணுவம் தயாராகிவிட்டது. மனைவிக்கு ஆட்சேபம் இல்லை என்று ஒரு காகிதத்தில் கையெழுத்து வேண்டும். இன்று மாலை ஆறு மணிக்குக் கேப்டன் ஹோயில் அந்தக் காகிதத்தோடு விடுதிக்கே வருகிறார். ஃப்ளோரிடாவில் இந்த விடுதியை ஏற்பாடு செய்ததும் வெர்னாதான், கேப்டனை இங்கே வரச் சொன்னதும் வெர்னாதான்.

டெஸ்ஸி தட்டு நிறைய வாஃபிளோடு வந்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். பன்னிரண்டு வயசு. மூன்று நாளாக மைதானத்தில் பயிற்சிக்குப் போய் மூக்கு மட்டும் சிவந்திருந்தது.

"அம்மா, சாயங்காலம் கையெழுத்துப் போட்டுருவியா?"

கோரா வெர்னாவை முறைத்தாள். வெர்னா காப்பிக் கோப்பைக்குள் பார்வையைப் போட்டுக்கொண்டாள்.

"ஏண்டா கேக்கறே?"

"இல்ல... போட்டுட்டா அதுக்கப்புறம் நாம அழலாம்ல?"

கோரா கையிலிருந்த முள்கரண்டியைத் தட்டில் வைத்தாள். பதினோரு மாதமாக அந்த வீட்டில் யாரும் வாய்விட்டு அழவில்லை. அழுதால் ரஸ்ஸலைத் தானே கொன்றதாகிவிடும் என்று கோரா பயந்தாள். அம்மா அழாததால் பெண்ணும் அழவில்லை. பிள்ளை அழுவதற்கு அனுமதி கேட்கிற அளவுக்கு அந்தப் பிடிவாதம் போயிருக்கிறது என்பது இப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

போட்டுவிட வேண்டியதுதான் என்று அந்த நிமிஷம் கோரா தீர்மானித்தாள். ஆனால் அதற்கு முன்னால் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

பட்டாளத்துக்காரன் விடுமுறைக்கு வந்தாலும் ஐந்தரை மணிக்கு எழுந்து படுக்கையைத் தட்டி மடித்துவைத்துவிட்டுத்தான் சும்மா இருப்பான். அவனுக்கென்று கட்டிய விடுதியும் அப்படித்தான். வாசலில் அடையாள அட்டை காட்டாமல் ஈ நுழைய முடியாது. சாயங்காலம் சரியாக ஐந்து மணிக்குக் கம்பத்திலிருந்து கொடியை இறக்குவார்கள். ஒலிபெருக்கியில் பியூகிள், அதாவது பட்டாளத்துக் கொம்பு, ஊதும். அந்த இரண்டு நிமிஷமும் ஒருவரும் அசையக்கூடாது. மட்டையை ஓங்கியவன் இறக்கிவிட்டு நிற்பான். வண்டியில் போகிறவன் இறங்கி நிற்பான். நீச்சல் குளத்துப் பிள்ளைகள்கூட ஈரம் சொட்டச் சொட்டக் கரையேறி நெஞ்சில் கை வைக்கும். எல்லா முகமும் கொடியைப் பார்த்திருக்கும்.

திங்கட்கிழமை கோரா ஏழாம் மாடி பால்கனியில் துண்டு உலர்த்திக்கொண்டிருந்தாள். அது கொடிக்கு எதிர்ப்பக்கம். பியூகிள் கேட்டதும் பழக்கதோஷத்தில் அப்படியே நின்றுவிட்டாள். அதனால்தான் பார்த்தாள். கீழே அத்தனை பேரும் மரங்களுக்கு முதுகைக் காட்டி நிற்க, குளத்தைத் தாண்டி மரங்களை ஒட்டி ஒருவன் மட்டும் நடந்துபோனான். பியூகிள் நின்றபோது ஆள் இல்லை.

செவ்வாய்க்கிழமை வேண்டுமென்றே பால்கனியில் நின்றாள். அதே இடம், அதே ஆள். இரண்டு கையையும் பான்ட் பைக்குள் விட்டுக்கொண்டு நடந்தான். சீருடையில் பையில் கைவிட்டால் ராணுவத்தில் தோலை உரித்துவிடுவார்கள். விடுமுறை கிடைத்த மறுநிமிஷம் ரஸ்ஸல் செய்கிற முதல் வேலை அதுதான். இரண்டு கையும் பைக்குள் போய்விடும், தோள் இரண்டும் காதைத் தொடும்.

புதன்கிழமை அந்த ஆள் குளத்தருகே நின்றான். நிமிர்ந்து ஏழாம் மாடியைப் பார்த்தான். அவ்வளவு தூரத்தில் முகம் தெரியவில்லை. கோரா கதவை அடைத்துத் தாழிட்டுவிட்டு, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

அன்றே வெர்னாவிடம் சொன்னாள். வெர்னா ஜன்னல் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"வெயில் உனக்கு ஒத்துக்கல. கொடி இறங்கறப்ப நடக்கிறவன் பட்டாளத்தானே இல்ல. நீ இடுப்பு வலியில துடிச்சுக்கிட்டிருந்தப்பகூட காரை நிறுத்திட்டு இறங்கிப்போய் சல்யூட் அடிச்சவன்டி என் தம்பி. டெஸ்ஸி கார்லயே பொறந்திருப்பா. அவனா நடப்பான்?"

"நடக்கமாட்டான். அதுதான் எனக்குப் பயமா இருக்கு. உயிரோட இருந்தா நின்னிருப்பான்."

வெர்னா எழுந்து போய் ஜன்னல் திரையை இழுத்து மூடினாள்.

வியாழக்கிழமை மாலை நாலே முக்காலுக்கு, "கொஞ்சம் காத்தாட நடந்துட்டு வரேன்" என்று கோரா கிளம்பினாள்.

"கேப்டன் ஆறு மணிக்கு வராரு. தலையச் சீவிக்கிட்டுப் போ," என்றாள் வெர்னா.

குளத்தங்கரையிலிருந்து நூறடி தள்ளி ஒரு பெஞ்சு இருந்தது. கோரா அங்கே போய் நின்றாள். பக்கத்துப் பயிற்சித் திடலில் டெஸ்ஸி குனிந்து பந்தைத் தட்டிக்கொண்டிருந்தாள். ஒரு பெண் கைக்குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனாள். வெள்ளை மீசை வைத்த கர்னல் ஒருவர் எட்டாவது குழிக்கு நேராகப் பந்தை வைத்துவிட்டுக் காலை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓய்வுபெற்றுப் பத்து வருஷமாகியும் அந்தப் பந்து அவர் கட்டளைக்குக் கீழ்ப்படிந்ததாகத் தெரியவில்லை.

பியூகிள் ஊதியது.

கர்னல் மட்டையைக் கீழே வைத்தார். தள்ளுவண்டி நின்றது. டெஸ்ஸி தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக் கொடிப் பக்கம் திரும்பினாள். எங்கேயோ யாரோ அடித்த ஒரு பந்து மட்டும் புல்லில் உருண்டு வந்து நின்றது.

கோராவின் கை தானாக நெஞ்சுக்குப் போனது. பதினாலு வருஷப் பழக்கம். அந்தக் கையைப் பிடுங்கி இறக்கினாள். கொடிக்கு முதுகைக் காட்டித் திரும்பினாள். நடந்தாள்.

அப்போதுதான் தெரிந்தது, அசையாத மனிதர்களுக்கு நடுவில் நடப்பது எவ்வளவு பயங்கரம் என்று. எல்லோரும் உயிரோடுதான் இருந்தார்கள். மூச்சு விட்டார்கள், கண் சிமிட்டினார்கள். ஆனால் ஒரு கழுத்துகூடத் திரும்பவில்லை. வண்டியில் குழந்தை வீறிட்டது. தாய் குனிந்து பார்க்கவில்லை. கர்னலின் விழி மட்டும் கோராவோடு கூடவே நகர்ந்து, அதற்குமேல் போக முடியாமல் கடைக்கண்ணில் நின்றது. அவள் செருப்புச் சத்தம் அவளுக்கே பெரிதாகக் கேட்டது.

டெஸ்ஸியைக் கைக்கெட்டும் தூரத்தில் கடந்தாள். அந்த நடைச் சத்தம் யாருடையது என்று பெண்ணுக்குத் தெரியாமல் இருக்குமா? தெரிந்தது. தோள் லேசாக அதிர்ந்தது. ஆனாலும் திரும்பவில்லை.

குளத்தின் அந்தப் பக்கம், மரங்களை ஒட்டி, ஒருவன் வந்துகொண்டிருந்தான்.

"ரஸ்ஸல்!"

பியூகிள் சத்தத்தையும் மீறி அந்தக் குரல் மைதானம் பூராவும் கேட்டிருக்கும். அந்த ஆள் திடுக்கிட்டு நின்றான். கோரா ஓடினாள்.

பத்தடி தூரத்தில் அவள் கால் நின்றுவிட்டது. ரஸ்ஸல் இல்லை. உயரம் குறைவு. சின்னப் பையன், இருபத்துநாலு வயசு இருக்கலாம். இடது கன்னத்திலிருந்து கழுத்து வரை தோல் உருகி இறுகியிருந்தது. காது இருந்த இடத்தில் ஒரு மடிப்பு மட்டும் இருந்தது.

பியூகிள் நின்றது. பின்னால் மட்டைகளும் பேச்சுகளும் திரும்ப உயிர்பெற்றன. அவன் சட்டென்று முகத்தைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டான்.

"மேடம், தயவுசெஞ்சு இப்படி வந்துடுங்க. எல்லாரும் திரும்பிட்டாங்க."

புல்வெட்டும் இயந்திரங்களை நிறுத்தியிருந்த கொட்டகைக்குப் பின்னால் அவன் போனான். கோரா பின்னாலேயே போனாள்.

"நீங்க கோரா மேடம்தானே? சார்ஜென்ட் உங்க போட்டோ காட்டியிருக்காரு. நான் டாகெட்."

அந்தப் பெயர் அவளுக்குத் தெரியும். பட்டியலில் உயிரோடு திரும்பிய ஒரே பெயர். ஒன்பது மாதமாகத் தொண்டையில் குழாயோடு கிடக்கிறான், பேச்சு இல்லை, யாரும் பார்க்க முடியாது என்று சொல்லியிருந்தார்கள்.

"எதுக்கு தம்பி கொடி இறங்கறப்ப நடக்கறே?" என்று அவளுக்கே தெரியாமல் முதலில் அதைத்தான் கேட்டாள்.

அவன் சிரிக்கப் பார்த்தான். பாதி முகம்தான் சிரித்தது.

"அந்த ரெண்டு நிமிஷந்தான் மேடம் யாரும் என்னைப் பாக்கமாட்டாங்க. எல்லா மூஞ்சியும் அந்தப் பக்கம். கொடிக்கு மரியாதை இல்லாம இல்ல. மத்த நேரத்துல குழந்தைங்க பயப்படுதுங்க."

கோராவின் கண் நிறைந்துவிட்டது. அவன் தோளைத் தொட்டாள். வேறு ஒன்றும் செய்யத் தோன்றவில்லை.

"உங்களைத் தேடித்தான் வந்தேன்," என்றான் டாகெட். "வீட்டுக்குப் போன் பண்ணினேன், பக்கத்து வீட்டம்மா இங்க இருக்கறதா சொன்னாங்க. வந்துட்டு, உங்க ரூம் கதவைத் தட்ட தைரியம் வரல. போன மாசம்தான் நான் அந்தப் பட்டியலைப் பாத்தேன். செத்தவங்க, கிடைக்காதவங்க, எல்லார் பேரும். அதுல சார்ஜென்ட் பேரும் இருந்துச்சு."

"இருக்கும்ல. அவரும் உங்ககூடத்தானே..."

"இல்ல மேடம்."

கொட்டகைக் கூரைத் தகரம் வெயிலில் படபடவென்று சத்தம் போட்டது.

"ஏறினாரு. என் பக்கத்துலதான் உக்காந்தாரு. பட்டியல் என் கையில இருந்துச்சு, தலை எண்றது என் வேலை. ஏழு பேரை எண்ணி டிக் பண்ணிட்டேன். மேல விசிறி சுத்த ஆரம்பிச்சதும் இவரு பெல்ட்டைக் கழட்டிட்டுக் கீழ குதிச்சுட்டாரு. நான் அவர் பேரை அடிக்கப் போனேன். கையைப் பிடிச்சுக்கிட்டாரு. 'அடிக்காதே. பேர் இருக்கட்டும்'னாரு."

"எதுக்கு?"

"கேக்கல மேடம். சார்ஜென்ட் சொன்னா செய்யணும். எதுக்குன்னு கேக்கற வழக்கம் எங்களுக்கு இல்லையே. பட்டியல்ல பேர் இருந்தா ஆளும் இருக்காருன்னுதான் பட்டாளத்துல அர்த்தம். ஆறு பேரோட கிளம்பினோம், ஏழு பேர்னு காகிதம் போச்சு." அவன் குரல் உடைந்தது. "நான் அடிச்சிருந்தா நீங்க இத்தனை நாள் இப்படி..."

கோரா கொட்டகைச் சுவரில் கையை ஊன்றிக்கொண்டாள். சந்தோஷம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. முதலில் வந்தது கோபம். உயிரோடு இருக்கிறானா? பதினோரு மாதம் ஒரு போன் இல்லை, ஒரு வரி இல்லை. பிள்ளை அழ அனுமதி கேட்கிறாள், இவன் எங்கேயோ மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறானா? செத்துப்போனவனை மன்னிக்க அவள் என்றைக்கோ தயாராகிவிட்டாள். உயிரோடு இருப்பவனை என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

"சரி தம்பி," என்றாள், மூச்சைத் திருத்திக்கொண்டு. "நீ வந்து சொன்னது நல்லதாப் போச்சு. ஆனா மூணு நாளா என்னை உயிரோட கொன்னுட்டே. மேலேருந்து பாத்து நான் அவர்தான்னு நினைச்சு..."

"மூணு நாளாவா?"

"திங்கக்கிழமைலேருந்து. பைக்குள்ள கைய விட்டுக்கிட்டு, நீ இதே வழியா..."

சொல்லிக்கொண்டே அவன் கைகளைப் பார்த்தாள். தோல் இறுகாமலிருக்கப் போடும் கெட்டியான உறைகள் இரண்டு கையிலும். விரல்கள் விரித்தபடியே விறைத்து நின்றன. அந்தக் கைகள் எந்தப் பைக்குள்ளும் போகாது.

டாகெட் அவளையும் தன் கைகளையும் மாற்றி மாற்றிப் பார்த்தான்.

"நான் நேத்து ராத்திரிதான் மேடம் வந்தேன். எங்கம்மா காரை ஓட்டிக்கிட்டு வந்தாங்க. வாசல்ல கேட்டுப் பாருங்க, அட்டையில பதிவாகியிருக்கும்."

கோரா குளத்துப் பக்கம் திரும்பினாள். மரங்களை ஒட்டிய பாதையில் யாரும் இல்லை. ஆனால் இனிமேல் அந்தப் பாதையில் யாரும் இல்லை என்பதை அவளால் நம்ப முடியாது.

விடுதி வரவேற்பறையில் கேப்டன் ஹோயில் பத்து நிமிஷம் முன்னதாகவே வந்து உட்கார்ந்திருந்தார். தொப்பி முழங்கால் மேல், காகிதம் மேஜை மேல். டெஸ்ஸி எதிர் சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்திருந்தாள். அம்மாவைப் பார்த்ததும் எழுந்து ஓடி வந்தாள்.

"நீ மட்டும் ஏம்மா நடந்தே? அந்தக் கர்னல் தாத்தா என்கிட்ட வந்து, 'உங்கம்மாவுக்கு உடம்பு சரியில்லையா'ன்னு கேட்டாரு. அப்பா பேரைக் கத்தினே."

"சொல்றேன்டா கண்ணு. நீ ரூமுக்குப் போயி இரு. கதவைத் தாழ் போட்டுக்கோ. அத்தையோ நானோ கூப்பிட்டாத்தான்..." பாதியில் நிறுத்தி, மாற்றிச் சொன்னாள். "நான் கூப்பிட்டாத்தான் திறக்கணும்."

ஏன் அப்படி மாற்றினாள் என்று அந்த நிமிஷம் அவளுக்கே தெரியாது. டெஸ்ஸி லிஃப்ட்டுக்குள் போகும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள்.

வெர்னா பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினாள்.

"இதோ, இங்கதான். ஒரே ஒரு கையெழுத்து. முடிச்சுட்டுச் சாப்பிடப் போகலாம்."

கேப்டன் மரியாதைக்கு எழுந்து நின்றார். கோரா அவரைத் தாண்டிப் போய், நாத்தனாரின் முகத்துக்கு நேராக நின்றாள். அவர் காதில் விழாத குரலில் சொன்னாள்.

"வெர்னா, ரஸ்ஸல் அந்த ஹெலிகாப்டர்ல போகவே இல்ல. கிளம்பறதுக்கு முன்னாடி இறங்கிட்டான்."

பதினோரு மாதமாகத் தம்பிக்குக் கல்லறை கேட்ட அக்கா அவள். இதைக் கேட்டதும் அவள் கோராவின் கையைப் பிடித்து உலுக்கியிருக்க வேண்டும். பொய் சொல்லாதே என்று கத்தியிருக்க வேண்டும். அப்படியானால் அவன் எங்கே, நன்றாக இருக்கிறானா, சாப்பிட்டானா என்று கேட்டிருக்க வேண்டும். கோரா அதற்காகத்தான் அவள் கையைப் பிடித்துக்கொள்ளத் தன் கையை நீட்டியிருந்தாள்.

வெர்னா முதலில் கேப்டனைப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"உனக்கு இதை யாரு சொன்னா?"

நீட்டிய கையைக் கோரா மெல்ல இழுத்துக்கொண்டாள்.

"கேப்டன், இன்னைக்குக் கையெழுத்து கிடையாது," என்றாள் திரும்பாமலே. "மன்னிச்சுக்கோங்க. நீங்களும் கொஞ்சம் இருங்க."

சோபாவை இழுத்து, வெர்னாவுக்கும் வாசலுக்கும் நடுவில் போட்டு உட்கார்ந்தாள்.

"உக்காருங்க வெர்னா. முதல்லேருந்து சொல்லுங்க."